படகில்லாமல் பவளப்பாறைக்கு

பொனேர் தீவின் மேற்குக் கரைச் சாலையில் போகிறவர்கள் கடலோரமாக மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களைப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும்: கார்ப்பாட்டா, ஏஞ்சல் சிட்டி, ஆயிரம் படிகள். ஊர்ப்பெயர்கள் அல்ல. அந்தக் கல்லுக்கு நேரே கடலில் இறங்கினால் எந்தப் பவளத்திட்டு வருமோ அதன் பெயர். வண்டியை ஓரங்கட்டி, முதுகில் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நடந்தே கடலுக்குள் போய்விடலாம். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. தீவின் மொத்தப் பரப்பே 288 சதுர கிலோமீட்டர்தான்.

உலகின் பெரும்பாலான இடங்களில் ஸ்கூபா டைவிங் என்றால் படகுப் பயணம். காலையில் படகு கிளம்பும், இரண்டு முறை இறக்கி ஏற்றும், மதியத்துக்குள் கரைக்குத் திரும்பிவிடும். பொனேரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. விடியற்காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்கு முன் ஒரு முறை, மாலையில் ஒன்று, இரவில் இன்னொன்று என்று மனம்போல் இறங்கலாம். கரீபியன் கடலில் கரையிலிருந்தே முக்குளிக்க விரும்புகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் பொனேராக இருப்பது இதனால்தான். இந்தத் தாராளம் எங்கிருந்து வருகிறது, பதிலுக்கு நம்மிடம் எதைக் கேட்கிறது என்று யோசித்துத் திட்டம் போடுகிறவர்கள்தான் குறைவு. விமானச் சீட்டு, விடுதி, வாடகை வண்டி என்று பட்டியல் ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால் முதலில் காற்று, அடுத்து நைட்ரஜன், பிறகு நிலா. விடுதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வெனிசுவேலாவின் வடகரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, வட அட்சரேகை 12 டிகிரியை ஒட்டி இருக்கிறது இந்தத் தீவு. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் தனி நகராட்சி. ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது, யூரோவும் செல்லாது, டாலர்தான். மக்கள் பாப்பியமெந்து பேசுகிறார்கள். இங்கே ஆண்டின் பெரும்பகுதி கொண்டல்தான் வீசுகிறது. புவியியல் பாடத்தில் வியாபாரக் காற்று என்று படித்தோமே, அதுதான். கிழக்குக் கரையில் அலை ஓயாமல் அறைந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கம் சாதாரணமாக யாரும் இறங்குவதில்லை. தீவு பிறை போல வளைந்து முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு கிடப்பதால், மேற்குக் கரை காற்று மறைவில் அடங்கிக் கிடக்கிறது. அந்த வளைவுக்குள் க்ளைன் பொனேர் என்ற ஆளில்லாத குட்டித் தீவு வேறு இருக்கிறது.

அலை இல்லாத கரைகள் உலகில் எத்தனையோ உண்டு. அவற்றில் பலவற்றில் ஒரு கிலோமீட்டர் நீந்தினாலும் இடுப்பளவுக்குச் சற்று மேலாகத்தான் தண்ணீர் இருக்கும். அண்டைத் தீவான அரூபா தென் அமெரிக்கக் கண்டத் திட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பொனேருக்கும் கண்டத்துக்கும் நடுவில் ஆழக்கடல். அதனால் கரையைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே கடலடி சரிந்துவிடுகிறது. முதலில் மணலும் சிதறிய பவளமுமாக ஓர் ஆழமற்ற மேடை. ஐம்பதிலிருந்து நூறு மீட்டர் நீந்தினால் அது முடிகிறது. சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் சரிவு தொடங்கி முப்பது, நாற்பது மீட்டர் வரை பவளம் போர்த்திக்கொண்டு இறங்குகிறது. ஐந்து நிமிடத்தில் அதன் விளிம்புக்குப் போய்விடலாம்.

கரையே பழைய பவளப்பாறைதான். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன், இரண்டு பனி யுகங்களுக்கு இடையில், உலகெங்கும் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. அப்போது வளர்ந்த திட்டுகள் இன்று சுண்ணாம்புக்கல் படிமேடைகளாகத் தரைமேல் நிற்கின்றன. அவற்றைவிட உயரத்தில், இன்னும் பழைய காலத்து மேடைகளும் இருக்கின்றன. ஆயிரம் படிகள் என்ற இடத்தில் அப்படியொரு குன்றை வெட்டித்தான் படி அமைத்திருக்கிறார்கள். உண்மையில் எழுபது படி அளவுக்குத்தான் இருக்கும். சிலிண்டரோடு திரும்பி ஏறும்போதுதான் பெயரின் நியாயம் விளங்கும்.

காற்று மறைவு, கடலடிச் சரிவு இரண்டுக்கும் அடுத்த மூன்றாவது காரணம் வறட்சி. ஆண்டு மழை ஏறக்குறைய 500 மில்லிமீட்டர். நிரந்தர ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பவள உயிரிகளின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தரும் சர்க்கரைதான் பவளத்தின் பெரும்பங்கு உணவு. ஆறு கொண்டுவரும் வண்டல் வெளிச்சத்தை மறைத்தால் இந்தக் கூட்டு வாழ்க்கை தள்ளாடும். வண்டல் இல்லாததால்தான் இங்கே முப்பது மீட்டர் தூரம்வரை தெளிவாகப் பார்க்க முடிகிற நாட்கள் சாதாரணம். ஓதமும் சுமார் ஓர் அடிதான் ஏறி இறங்கும். ஓத அட்டவணையைப் பார்த்து இறங்கும் வேலை மிச்சம்.

இதே காற்றும் வறட்சியும்தான் தீவின் தென்கோடியை உப்பளமாக்கின. கடல்நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, உப்பு விரும்பும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாக மாறி, கடைசியில் வெள்ளைக் குன்றுகளாகக் குவிகிறது. கப்பலில் உப்பை ஏற்றும் சால்ட் பியர் என்ற பாலத்தின் தூண்களில் கடற்பஞ்சுகள் அப்பியிருக்கும், அவற்றினிடையே மீன் கூட்டம். கப்பல் கட்டியிருக்கும்போது அங்கே இறங்கத் தடை. அதனால் இறங்க நினைக்கும் நாளில் கப்பல் வருகிறதா என்று டைவ் கடையில் கேட்டுவிட வேண்டும். அந்தச் சாலையிலேயே 1850இல் கட்டிய அடிமைக் குடிசைகள் வரிசையாக நிற்கின்றன. வாசலில் குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் நுழைய முடியும். டச்சு ஆட்சியில் இங்கே அடிமை முறை ஒழிந்தது 1863இல். அதுவரை இந்த உப்பை வாரியவர்களுக்கு இரவுத் தங்கல் அதுதான். இரண்டு டைவ்களுக்கு இடையே நிழலுக்காக அதன் சுவரில் சாய்ந்து சாண்ட்விச் தின்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

புயல் விஷயத்தில் பொனேருக்கு அதிர்ஷ்டம். அட்லாண்டிக் சூறாவளிகள் மேற்கு நோக்கி வந்து வடக்கே வளைவதால் பெரும்பாலானவை தீவுக்கு வெகு வடக்கே கடந்துவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை மற்றக் கரீபியன் தீவுகளில் முன்பதிவு செய்யத் தயங்குகிறவர்கள் இங்கே துணிந்து வருவது அதனால்தான். ஆனால் 1999 நவம்பரில் லென்னி என்ற சூறாவளி வழக்கத்துக்கு நேர்மாறாக மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்தது. தீவைத் தொடவேயில்லை, தூரத்திலிருந்தே மேற்குக் கரையின் மேல் பேரலைகளை அனுப்பியது. அலையையே பார்த்திராத ஆழமற்ற பவளக் காடுகள் நொறுங்கிப்போயின. காற்று மறைவில் வளர்ந்த பவளத்துக்கு மெலிந்து கிளைவிட்டு வளரும் சொகுசு இருந்தது. அந்த மெலிவே அதற்கு வினையாயிற்று. லென்னி அளவுக்கு இல்லாவிட்டாலும், வடக்கே எங்காவது புயல் சுழலும்போது கொண்டல் செத்து, காற்று திசை மாறுவதுண்டு. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை அதற்கு வாய்ப்பு அதிகம். அப்போது இரண்டு மூன்று நாள் மேற்குக் கரையில் இறங்கவே முடியாமல் போகலாம். கரையில் அலை உடையும்போது சிலிண்டரோடு பவளக்கற்கள் மேல் நடப்பது கணுக்காலுக்கு ஆபத்து. ஒரு வாரத்துக்குத்தான் போகிறோம் என்றால் இந்த மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கட்சி. இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு, பின்னால் வருகிறேன்.

இனி நைட்ரஜன். படகில் போகிறவருக்கு இந்தக் கவலையைப் பாதி கேப்டன் சுமக்கிறார்: இத்தனை மணிக்கு ஏறு, இவ்வளவு நேரம் ஓய்வு, இன்றைக்குப் போதும். கரையிலிருந்து இறங்குகிறவருக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 18 மீட்டரில் மொத்தம் 2.8. ரெகுலேட்டர் சுற்றியுள்ள அழுத்தத்துக்குச் சமமாகத்தான் காற்றைத் தரும், இல்லாவிட்டால் நெஞ்சை விரித்து மூச்சிழுக்கவே முடியாது. அழுத்தம் கூடிய காற்றிலிருந்து கூடுதல் நைட்ரஜன் ரத்தத்திலும் அங்கிருந்து திசுக்களிலும் கரைகிறது. உடலுக்கு அதனால் பயன் எதுவுமில்லை, சும்மா தங்கியிருக்கும். மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். அவசரப்பட்டால் திசுக்குள்ளேயே குமிழாகும். மூட்டில் குமிழ் என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால் செயலிழக்கலாம்.

இதற்கு முதலில் கணக்குப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறைக்குள் விட்டுச் சோதித்து, 1908இல் தன் கூட்டாளிகளோடு முடிவை வெளியிட்டார். எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பது அவருடைய அடிப்படை எண்ணம். ஒரே பாத்திரத்தில் உளுந்தையும் கொண்டைக்கடலையையும் ஊறப்போட்டால் உளுந்து நாலு மணி நேரத்தில் தயார், கடலைக்கு ராத்திரி முழுக்க வேண்டும். ரத்தம் நிறையப் பாயும் திசு சீக்கிரம் நிரம்பிச் சீக்கிரம் காலியாகும். ரத்தம் குறைவாகப் பாய்வது இரண்டுக்குமே நேரம் எடுக்கும். ஹால்டேன் ஐந்து கற்பனைத் திசுக்களை வைத்துக்கொண்டார். அவற்றின் அரைநேரம், அதாவது பாதி நிரம்பவோ பாதி காலியாகவோ ஆகும் நேரம், 5 நிமிடத்திலிருந்து 75 நிமிடம் வரை. இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடுவது சுவிஸ் மருத்துவர் ப்யூல்மன் விரிவாக்கிய 16 திசுக் கணக்கு. அதில் மிக மெதுவான திசுவின் அரைநேரம் 635 நிமிடம்.

இந்த 635தான் பொனேர் விடுமுறையின் முக்கிய எண். இரவு பன்னிரண்டு மணி நேரம் நீரில் இறங்காமல் இருந்தாலும் அந்தத் திசுவில் சேர்ந்த உபரி நைட்ரஜனில் பாதிக்குச் சற்று மேல்தான் வெளியேறியிருக்கும். மீதியின் மேல் மறுநாள் நாலு டைவ். அதற்கு மறுநாளும் நாலு. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் வேகமான திசுக்களே தீர்மானிப்பதால், கம்ப்யூட்டர் திரை தினமும் தாராளமாகவே அனுமதி தரும். மெதுவான திசுக்கள் சத்தமில்லாமல் நிரம்பிக்கொண்டிருப்பது விமானம் ஏறும் நாளில்தான் பிரச்சினையாகும். ஆறு நாள் பயணத்தில் நடுவில் ஒரு நாளை விட்டுவிடச் சொல்வது அதனால்தான். அன்றைக்கு வடமேற்கில் உள்ள வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். தீவின் மிக உயரமான குன்று பிராண்டாரிஸ் அங்கேதான், 241 மீட்டர்.

ஒரு டைவை எப்படி அமைப்பது என்பதில் பொனேரின் சரிவே நமக்கு உதவுகிறது. சமதளமான கடலடியில் இருபது மீட்டருக்குப் போனால் முழு நேரமும் அங்கேயே இருந்துவிட்டு நேராக மேலே வர வேண்டியதுதான். இங்கே முதலில் சரிவில் ஆழமாக இறங்கி, நீரோட்டத்தை எதிர்த்து ஒரு பக்கமாக நீந்தி, சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிக்கொண்டே வரலாம். ஓட்டமே தள்ளிக்கொண்டு வரும். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்துக்குப் படகு டைவில் கயிற்றைப் பிடித்துத் தொங்குவார்கள். இங்கே அந்த ஆழத்தில்தான் மேடை இருக்கிறது. கிளிமீன்கள் பாறையைக் கரகரவென்று சுரண்டுவதை இருபது நிமிடம் வேடிக்கை பார்த்தபடியே கரைக்கு வந்துவிடலாம். உடல் கேட்கிற மெதுவான ஏற்றத்தை நிலவியல் செய்து வைத்திருக்கிறது.

சாதாரணக் காற்றோடு முதல் டைவில் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் வெறும் 20 நிமிடம் என்பது பாடி (PADI) என்ற டைவ் பயிற்சி அமைப்பின் அட்டவணை தரும் வரம்பு. இதை நீட்டத்தான் நைட்ராக்ஸ்: ஆக்சிஜனை 32 விழுக்காடாக உயர்த்தி நைட்ரஜனைக் குறைத்த கலவை. இதைச் சுவாசித்துக்கொண்டு 18 மீட்டரில் இருப்பவரின் உடல், சாதாரணக் காற்றோடு 14 மீட்டரில் இருப்பவர் அளவுக்கே நைட்ரஜனை ஏற்கிறது. ஒரு நாளைக்கு நாலு முறை இறங்குகிற ஊரில் இது பெரிய லாபம். நைட்ராக்ஸ் ஆழமாகப் போக உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஆழம் கூடக் கூட ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் கூடும்; அது 1.4 வளிமண்டலத்தைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் கூடுகிறது. நீருக்கடியில் வலிப்பு என்றால் பெரும்பாலும் மரணம்தான்.

ஹில்மா ஹூக்கர் ஒரு நல்ல உதாரணம். 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். உள்ளே பத்து டன்னுக்கும் மேல் கஞ்சா சிக்கி, கேட்பாரற்றுக் கிடந்து, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கியது. இரண்டு பவளத்திட்டுகளுக்கு நடுவில் மணலில் ஒருக்களித்துக் கிடக்கிறது, ஆழம் சுமார் 30 மீட்டர். அங்கே அழுத்தம் 4. 32 விழுக்காட்டுக் கலவையோடு போனால் ஆக்சிஜன் அழுத்தம் 1.28, பரவாயில்லை. 36 விழுக்காடு என்றால் 1.44, போகக்கூடாது. நிரப்புமிடத்தில் ஒவ்வொரு சிலிண்டரையும் நாமே மீட்டர் வைத்துப் பார்த்து, விழுக்காட்டை எழுதி, கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதைச் சம்பிரதாயமாக நினைக்கிறவரோடு நான் இறங்க மாட்டேன்.

வண்டி, செருப்பு சமாச்சாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் வண்டிதான் வசதி, பின்னால் சிலிண்டர்களை அடுக்கலாம். நீங்கள் நீருக்குள் இருக்கும்போது வண்டியைத் துழாவ ஆள் வரலாம் என்பதால் எதையும் உள்ளே வைக்காமல், கதவைப் பூட்டாமல் விட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். பூட்டினால் கண்ணாடி உடையும். வடக்கே போகும் கரைச் சாலை ஓரிடத்துக்கு மேல் ஒருவழிப் பாதை. கார்ப்பாட்டா வரை போய்விட்டு முந்தைய இடத்துக்கு அப்படியே திரும்ப முடியாது, ரின்கோன் ஊர் வழியாகச் சுற்ற வேண்டும். தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ் இல்லாமல் இறங்கக் கூடாது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில்; ஃபின்ஸை இடுப்பளவு நீருக்குப் போனபின் மாட்டலாம். கையுறை தடை: கை எரியும் என்ற பயம் இருந்தால்தான் பவளத்தைத் தொடாமல் இருப்பார்கள் என்ற கணக்கு. உயர் ஓதக் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றிய கடல் முழுவதும் 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. கட்டணம் கட்டி, முதல் டைவைச் சோதனை டைவாக முடித்த பிறகுதான் மற்றதெல்லாம். ஈட்டி மீன்பிடிப்பை 1971லேயே இங்கே தடை செய்துவிட்டார்கள். 1962இல் பாய்மரக் கப்பலில் வந்து சேர்ந்த டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் முதலில் ஈட்டியோடு மீன் துரத்தியவர், பிறகு அதை எதிர்த்துப் போராடியவர். நங்கூரம் பவளத்தை உடைக்காமலிருக்க நிரந்தர மிதவைகளைப் போடவைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இப்போது எதிர்க்கட்சி. செப்டம்பர், அக்டோபரில் பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் ஆகும் வாக்கில், சில இரவுகளில் மட்டும், பவளங்கள் ஒரே நேரத்தில் கருமுட்டைகளையும் விந்தணுக்களையும் நீரில் விடுகின்றன. காற்று திசை மாறும் அபாயமுள்ள அதே மாதங்கள். எதற்கு முன்னுரிமை என்பது உங்கள் விருப்பம். அவ்வளவு சூதாட்டம் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஆஸ்ட்ரகாட் இருக்கிறது.

இரண்டு மில்லிமீட்டர்கூட எட்டாத ஓட்டுயிரி அது. பௌர்ணமிக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை, பஞ்சாங்கப்படி தேய்பிறை துவிதியை முதல் பஞ்சமி வரை, அந்தி முழுதும் இருண்டதும் ஆண் ஆஸ்ட்ரகாட்கள் கிளம்பும். நீந்திக்கொண்டே லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சளியோடு கலந்து துளித்துளியாக நீரில் விடும். ஒவ்வொரு துளியும் நீலமாக ஒளிர்ந்து அங்கேயே நிற்க, முத்துச்சரம் ஒன்று, சில இனங்களில் கீழிருந்து மேலாக, எழுதப்படும். துளிகளுக்கு இடையிலான தூரமும், சரம் போகிற திசையும் இனத்துக்கு இனம் மாறும். பெண் தன் இனத்துச் சரத்தை அடையாளம் கண்டு வரும். வேறு கடல்களிலும் ஒளிரும் ஆஸ்ட்ரகாட்கள் உண்டு, எதிரியை மிரட்டுவதற்காக. துணையைக் கவர ஒளிவிடுபவை கரீபியன் கடலில்தான்.

அந்த நாலு நாள் ஏன்? நிலா தினமும் ஐம்பது நிமிடம் போலத் தாமதமாக எழுகிறது. பௌர்ணமியன்று அந்தியிலேயே வந்துவிடும், இருட்டே இல்லை. துவிதியைக்குப் பிறகு சூரியன் மறைவதற்கும் நிலா எழுவதற்கும் நடுவில் முழு இருட்டாக ஓர் இடைவெளி கிடைக்கிறது. காட்சி அந்த இடைவெளிக்குள் முடிந்துவிடும். ஐந்தாறு மீட்டர் ஆழம் போதும், டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டார்ச்சை எரியவிட்டால் வேறொரு கூத்து: ஆள் உயரத்துக்கு வளரும் டார்பன் மீன்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்து, நம் வெளிச்சத்தில் அகப்பட்ட சின்ன மீனை லபக்கென்று விழுங்கிவிட்டுப் போகும். எதையாவது ஆசையாக உற்றுப் பார்த்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. வெள்ளிமணிகள் போலத் துள்ளும் சிறுமீன் மேல் வெளிச்சத்தை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பது தர்மம்.

இத்தனைக்கும் நடுவில் இந்தப் பவளத்திட்டு நலமாக இல்லை. 1983-84இல் கரீபியன் கடல் முழுக்க நீண்ட முள்ளுடைய கரிய கடல் முள்ளெலிகள் பத்தில் ஒன்பதுக்கும் மேல் செத்தன. அவை மேய்ந்த பாசி அதன்பின் பவளத்தின் மேல் படர்ந்தது. பாசி தின்னும் கிளிமீனைப் பிடிக்கப் பொனேர் 2010இல் தடை விதித்தது இதனால். 2022இல் முள்ளெலிகளுக்கு மறுபடியும் கொள்ளைநோய் வந்தது. காரணம் ஓர் ஒற்றைச்செல் குற்றிழை உயிரி என்று அடுத்த ஆண்டு கண்டறிந்தார்கள். இன்னொரு தொல்லை லயன்ஃபிஷ். அது மன்னார் வளைகுடா உட்பட இந்திய, பசிபிக் கடல்களைச் சேர்ந்த மீன். வளர்ப்புத் தொட்டிகளிலிருந்து ஃபுளோரிடா கடலில் தப்பி, 2009இல் பொனேருக்கு வந்து சேர்ந்தது. இங்கே அதைத் தின்னும் எதிரி இல்லாததால், அனுமதி பெற்ற டைவர்கள் மட்டும் அதற்கென்றே உள்ள கருவியால் வேட்டையாடுகிறார்கள். எல்லாவற்றையும் விடக் கொடியது கல் பவளங்களின் திசுவை உரித்துப்போடும் நோய். 2014இல் மயாமி அருகே முதலில் தென்பட்டது, 2023இல் பொனேரில். மூளை வடிவப் பவளங்களில் நூற்றாண்டுகள் வளர்ந்தவைகூடச் சில வாரங்களில் வெறும் வெள்ளை எலும்பாகிவிடும். நீரோட்டத்தில் பரவுகிறது, டைவர்களின் ஈரமான சாமான்கள் வழியாகவும் பரவக்கூடும் என்பதால், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகுமுன் எல்லாவற்றையும் கிருமிநாசினியில் ஊறவைத்து அலசச் சொல்கிறார்கள். ஒரே நாளில் நாலு கற்களை எண்ணி முடிப்பவர்களுக்கு இது எரிச்சல். நோய் பரவிய இடங்களுக்கு அன்றைய கடைசி டைவில் போவது, அல்லது ஒரே இடத்தில் இரண்டு முறை இறங்குவது என்று வரிசையை மாற்றிக்கொண்டால் சிரமம் குறையும்.

திரும்பும் நாளைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். பறக்கும் விமானத்துக்குள் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலை உச்சியில் இருப்பது போலத்தான். விமானம் ஏறுவதற்குள் உபரி நைட்ரஜன் வெளியேறியிருக்க வேண்டும். பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவர்கள் பாதுகாப்பு அமைப்பான டானின் பரிந்துரை. ஆறு நாளின் 635 நிமிடத் திசுவை மனதில் வைத்து நான் 24 என்று வைத்துக்கொள்வேன். அந்த ஒரு நாள் வீணாவதும் இல்லை. வெட்சூட், பூட்ஸ் எல்லாவற்றையும் கடைசியாக ஒரு முறை கிருமிநாசினியில் போட்டு, நல்ல தண்ணீரில் அலசி, கொண்டல் வீசுகிற பக்கம் கொடியில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். அடுத்த கடலுக்கு நோயைக் கொண்டுபோக மாட்டோம், விமான நிலையத்தில் பெட்டியின் எடையும் இரண்டு கிலோ குறையும்.